நம்ம கடற்கரையின் கப்பல் பாட்டுகள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் நம்ம பள்ளி வாட்ஸ்அப் குழுவில் பழைய மாணவன் ஒருவன் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். 2021-ல் ஸ்காட்லாந்து தபால்காரர் நேதன் எவன்ஸ் மேசையைத் தட்டிக்கொண்டே பாடி, டிக்டாக் மூலம் உலகம் முழுக்கப் பரவிய 'வெல்லர்மேன்' என்ற பழைய பாட்டு. நியூசிலாந்துப் பக்கம் திமிங்கில வேட்டைக்குப் போனவர்களைப் பற்றியது. அதற்குக் கீழே, "சார், நம்மகிட்ட இந்த மாதிரி கடல் பாட்டு எதுவும் இல்லையா?" என்று கேட்டிருந்தான்.

கேட்டவன் பிறந்து வளர்ந்தது மண்டபத்தில். வீட்டுக்கு வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் பாக் நீரிணை, தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் நம்ம ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன். அவனே இப்படிக் கேட்கிறான் என்றால் பதில் சொல்லியாக வேண்டும். குழுவில் இரண்டு வரியில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

இருக்கிறது தம்பி. நிறையவே இருக்கிறது. அதற்குப் பெயர் அம்பா. அம்பாப் பாட்டு என்றும் சொல்வார்கள். இராமநாதபுரம் கடற்கரையில் மட்டுமல்ல, கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம், முல்லைத்தீவு வரை இதே பெயர்தான். அம்பி என்றால் பழந்தமிழில் தோணி. அதிலிருந்து வந்த பெயர் என்று சிலரும், அம்பாளைக் கூப்பிடுவதிலிருந்து வந்தது என்று சிலரும் சொல்வார்கள். பாடுகிறவர்களுக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்பட்டதில்லை.

அம்பாவை ரசிக்க வேண்டுமென்றால் கரைவலை இழுப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியூரில் வளர்ந்த பேரப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வள்ளத்தில் வலையை ஏற்றிக்கொண்டு போய்க் கடலுக்குள் அரைவட்டமாக விட்டு வருவார்கள். வலையின் இரண்டு பக்கத்துக் கயிறுகளும் கரைக்கு வரும். ஒரு கயிற்றை ஒரு கூட்டமும் இன்னொன்றை இன்னொரு கூட்டமும் பிடித்து இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று நெருங்கி வரும். மீன் எல்லாம் நடுவில் உள்ள மடியில் சேரும். ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் இழுத்தால் வலை கோணிக்கொண்டு மீன் வெளியே போய்விடும். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நிறைய தூரம் இருக்கும், அலைச் சத்தம் வேறு. அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில், ஒரே அளவுக்கு இழுக்க வேண்டும். அதற்கு ஒரு கருவி வேண்டாமா? அந்தக் கருவிதான் பாட்டு.

முன்னால் ஒருவர் பாடுவார். அவருடைய அடி நீளமாக இருக்கும். அந்த நேரத்தில் மற்றவர்கள் கயிற்றில் கையை மாற்றிப் பிடித்து, காலை மணலில் ஊன்றி, மூச்சு வாங்கிக்கொள்வார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து சொல்கிற பதில் இரண்டே சொல்தான். அந்தச் சொல் வருகிற இடத்தில் இழுப்பு விழும். வேலையும் ஓய்வும் பாட்டுக்குள்ளேயே பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. முதலில் பாட்டு நிதானமாகப் போகும். மடி கரைக்கு நெருங்க நெருங்க அடி குறுகி, வேகம் ஏறி, கடைசியில் பாட்டு என்றும் சொல்ல முடியாது, சத்தம் என்றும் சொல்ல முடியாது.

எல்லா வேலைக்கும் ஒரே பாட்டு கிடையாது. துடுப்பு வலிக்க ஒரு நடை, பாய் ஏற்ற ஒரு நடை, நங்கூரம் தூக்க ஒரு நடை. வள்ளத்தை மணலில் இருந்து தண்ணீருக்குத் தள்ள வேண்டும் என்றால் பாட்டே கிடையாது. ஓர் உந்து, ஒரு சத்தம், அவ்வளவுதான். பழைய தலைமுறையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்கூட கடற்கரையில் என்ன வேலை நடக்கிறது என்று சொல்லிவிடக் கூடியவர்கள் இருந்தார்கள்.

இந்தப் பாட்டுகளில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் 'ஏலேலோ' என்ற சொல்லைப் பற்றி ஒரு கதை உண்டு. மயிலாப்பூரில் திருவள்ளுவருக்கு நண்பராக ஏலேலசிங்கன் என்று ஒரு கப்பல் வணிகர் இருந்தாராம். அவர் பெயரைச் சொல்லித்தான் படகுக்காரர்கள் பாரம் இழுத்தார்களாம். வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ரசித்துக் கேட்பார்கள். கதை நல்ல கதைதான். ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒரு கனமான பொருளைத் தூக்கும்போது வாயில் தானாக என்ன சத்தம் வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். அந்தச் சத்தத்துக்கு ஒரு வணிகர் தேவையா என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி, பாட்டில் என்னதான் இருக்கும்? முதலில் சாமி வரும். இங்கே ஒரு விசேஷம் உண்டு. நம்ம கரையில் ஒரே வலையில் மூன்று மதத்துக்காரர்களும் கை வைப்பார்கள். அதனால் பாட்டில் அந்தோணியாரும் மாதாவும் வருவார்கள், முருகன் வருவார், நாகூர் ஆண்டவரும் வருவார். யாரையும் விட்டுவிட முடியாது, எல்லோருடைய கையும் கயிற்றில் இருக்கிறதே.

சாமி முடிந்ததும் மீன் வரும். நெத்திலி, சாளை, காரல், பாறை, சீலா என்று பெயர் பெயராகக் கூப்பிட்டு மடிக்கு வரச் சொல்வார்கள். காற்று வரும். கச்சானைத் திட்டுவார்கள், கொண்டலைக் கொஞ்சுவார்கள், வாடைக்குப் பயப்படுவார்கள். அப்புறம் மாமன் மகள் வருவாள். அவள் வந்த பிறகு பாட்டு போகும் திசையை வாத்தியார் எழுதக் கூடாது. கயிறு இழுத்தவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு அம்பாவில் ரொம்பப் பிடித்தது இது எதுவும் இல்லை. சம்மாட்டியைக் கிண்டல் செய்கிற இடம்தான். வலைக்கும் வள்ளத்துக்கும் சொந்தக்காரர் அவர். பங்கு பிரிக்கிறவரும் அவரே. கடற்கரையில் அவர் நின்றுகொண்டிருக்கும்போதே, அவர் வீட்டுச் சட்டியில் என்ன மீன் கொதிக்கிறது, எங்கள் வீட்டுச் சட்டியில் என்ன கொதிக்கிறது என்று முன்பாட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார். பின்பாட்டுக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொல்வார்கள். சம்மாட்டியால் எதுவும் சொல்ல முடியாது. சொன்னால் பாட்டு நிற்கும், பாட்டு நின்றால் வலை நிற்கும். நேரில் போய்க் கேட்க முடியாத பங்குக் கணக்கைப் பாட்டில் கேட்டுவிடலாம். அன்றைக்கு அதைப் பாடினவருக்கு யாரும் தண்டனை கொடுத்ததில்லை. இதை ஒரு சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர் முதலாளி முன்னால் நின்று, பத்து முப்பது பேரின் ஆதரவோடு கணக்குக் கேட்ட இடம் அது.

பத்தாம் வகுப்பில் என்னிடம் சிலப்பதிகாரம் படித்தவர்களுக்குக் கானல்வரி நினைவிருக்கும். புகார்க் காண்டத்தின் ஏழாவது காதை. இந்திர விழா முடிந்து கடற்கரையில் கோவலன் யாழ் வாசித்துப் பாட, மாதவி பதிலுக்குப் பாட, ஒரு குடும்பமே பிரிகிறது. கடல் பாட்டு என்றால் தமிழில் அதற்கு இணை இல்லை. ஆனால் அது மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் பாட்டு. நான் இங்கே சொல்வது, பாட்டுக்கு நடுவே கோவலனுக்கும் மாதவிக்கும் பின்னால் வலை இழுத்துக்கொண்டிருந்திருப்பார்களே, அவர்களுடைய பாட்டு. இரண்டையும் ரசிக்க வேண்டும். ஒன்றை மட்டும் பாடத்தில் வைத்தோம்.

1994 கோடை விடுமுறையில் ஒரு டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு தென்கடல் ஓரத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர் இருந்தார். ஊரே அவரைப் பாட்டுத் தாத்தா என்றுதான் கூப்பிடும். அப்போதே எழுபதைத் தாண்டியவர். கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்தார். நான் பொத்தானை அழுத்தினேன். இரண்டு அடி பாடினார், நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நிறுத்தினார். ஒரு நிமிடம் கையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கயிறு இல்லாம எப்படி வாத்தியாரே வரும்?" என்றார்.

பேரப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு பழைய கயிற்றை எடுத்து வரச் சொன்னார். வாசலில் நின்ற பூவரசு மரத்தில் ஒரு முனையைக் கட்டினார்கள். பக்கத்து வீட்டு ஆட்கள் நாலைந்து பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். மரத்தை இழுக்க ஆரம்பித்தார்கள். பாட்டு வந்தது பாருங்கள்! ஒரு மணி நேர கேசட்டின் இரண்டு பக்கமும் தீர்ந்தும் அவர் நிறுத்தவில்லை. இடையிடையே "ஏய், பின்னால நிக்கிறவன் இழுக்கலடா" என்று திட்டு வேறு. அதுவும் தாளத்தோடு. மரத்தை இழுக்கிறோம், அது வராது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடைசிப் பாட்டில் எல்லோரும் நிஜமாகவே மூச்சு வாங்க இழுத்தார்கள்.

அன்றைக்குப் புரிந்ததுதான் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. அந்தப் பாட்டு அவர் தலையில் இல்லை. கையிலும் தோளிலும் இருந்தது.

உலகம் முழுக்க இப்படித்தான் போலிருக்கிறது. வெள்ளைக்காரர்களின் பாய்க்கப்பல்களிலும் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பாட்டு இருந்திருக்கிறது. பாய் ஏற்ற ஒன்று, நங்கூரம் சுற்ற ஒன்று. ஸ்டான் ஹூகில் என்ற ஆங்கிலேய மாலுமி, பிரிட்டனின் கடைசிப் பாய்மரச் சரக்குக் கப்பலான 'கார்த்பூல்' 1929-ல் உடைந்தபோது அதில் வேலை பார்த்தவர். பின்னால் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்ததையும் மற்ற மாலுமிகளிடம் கேட்டதையும் சேர்த்து 1961-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். இன்றைக்கு அந்த நாட்டுப் பிள்ளைகள் அந்தப் பாட்டுகளைப் பாடுகிறார்கள் என்றால் அவரைப் போன்றவர்கள் எழுதி வைத்ததுதான் காரணம். நீராவி வந்ததும் அங்கே பாட்டு நின்றது. நம்ம கரையில் மோட்டார் வந்ததும் நின்றது. எஞ்சின் சத்தத்தில் முன்பாட்டும் கேட்காது, பின்பாட்டும் கேட்காது. இலங்கையில் பல இடங்களில் டிராக்டரில் உருளையைப் பொருத்திக் கரைவலை இழுக்கிறார்கள். டிராக்டருக்குப் பின்பாட்டு தேவையில்லை.

இதுவரை சொன்னது ஆம்பளைகள் பாட்டு. பொம்பளைகளிடம் இன்னொரு கப்பல் இருந்தது.

நம்ம தாலாட்டுகளில் எத்தனை கப்பல் வருகிறது என்று எப்போதாவது எண்ணியிருக்கிறீர்களா? தாய்மாமன் கப்பலில் பட்டு வரும், கற்கண்டு வரும், பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண் வரும். பாடுகிறவள் வீட்டில் அன்றைக்கு உலை வைக்க அரிசி இருக்காது. தொட்டிலில் மட்டும் ஏழு கடல் சரக்கும் வந்து இறங்கும். கீழக்கரைப் பக்கத்தில் கணவன் கொழும்புக்கோ மலேயாவுக்கோ சபர் போயிருப்பான். பிள்ளையைத் தூங்க வைக்கிற சாக்கில் அந்தப் பெண் கப்பலிடம்தான் பேசிக்கொண்டிருப்பாள். பிள்ளை தூங்கின பிறகும் பாட்டு தொடர்கிறது என்றால் அது யாருக்கான பாட்டு என்று தெரிந்துகொள்ளலாம்.

அதே கப்பல் ஒப்பாரியிலும் வரும். மண்டபம் கேம்ப் என்ற பெயரை நாம் தினமும் பஸ்ஸில் கேட்கிறோம். அது எந்தக் கேம்ப் என்று இன்றைய பிள்ளைகள் கேட்பதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளிகளை, நோய் பரவாமல் இருக்க, கப்பல் ஏற்றும் முன் நிறுத்தி வைத்த முகாம் அது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். போட் மெயில் என்று பெயர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அந்த வழியும் அத்தோடு முடிந்தது. அதே வருடம் அக்டோபரில்தான் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். தாத்தா காலத்தில் போனவர்களின் பேரப் பிள்ளைகள் அதற்குப் பிறகு கப்பலில் திரும்பி வந்தார்கள். 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களும் இதே மண்டபம் முகாமுக்குத்தான் வந்தார்கள்.

இவ்வளவு பேர் கடந்து போன ஊரில் கப்பல் பாட்டு வெறும் சந்தோஷப் பாட்டாக எப்படி இருக்க முடியும்? மலையகத்து எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். நம்ம பக்கத்தில் நா. வானமாமலையும் கி. வா. ஜகந்நாதனும் நாட்டுப் பாடல்களைத் தொகுத்தார்கள். அந்தத் தொகுப்புகளைப் புரட்டினால் கண்டிச் சீமை என்ற சொல்லை எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியும். நம்ம சொந்தத்திலேயே, கப்பல் என்று யாராவது சொன்னால் சிரிக்காத ஒரு பெரியம்மா இருந்தார். அவர் அண்ணன் கப்பலேறிப் போய், இரண்டு கடிதத்தோடு நின்றுபோனவர். மற்ற கல்யாண வீட்டுப் பாட்டெல்லாம் பாடுவார். கப்பல் வருகிற பாட்டு வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் எனக்கு இந்தப் பாட்டுகள்மீது பிடிப்பு வந்தது என்று நினைக்கிறேன். ஒரே கப்பல், வலை இழுக்கிறவனுக்கு விளையாட்டு, தொட்டில் ஆட்டுகிறவளுக்கு ஆசை, பெரியம்மாவுக்கு அடுப்படி.

"அப்படியென்றால் பழைய காலமே நல்லது என்கிறீர்களா சார்?" என்று கேட்பீர்கள். இல்லை. அந்தப் பாட்டுத் தாத்தாவின் உள்ளங்கையை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கயிறு அறுத்த தழும்புமேல் தழும்பு. விரல்கள் முழுதாக விரியாது. என் மாணவர்கள் யாருக்கும் அந்தக் கை வர வேண்டாம். எஞ்சின் வந்தது நல்லதுதான். பாட்டு கேட்க நமக்கு ஆசை என்பதற்காக இன்னொருவர் கயிறு இழுத்துக்கொண்டே இருக்க முடியாது.

ஆனால் வேலை போகும்போது அதோடு சேர்ந்து இன்னும் சில போய்விட்டன. காற்றின் பெயர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. அணியம், பருமல், சுக்கான் என்று படகின் ஒவ்வொரு உறுப்புக்கும் இருந்த சொற்கள் போய்க்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, முதலாளி முன்னால் நின்று சிரித்துக்கொண்டே கணக்குக் கேட்கிற அந்த இடம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பாட்டுத் தாத்தாவின் பேரன், அன்றைக்குக் கயிற்றை எடுத்து வந்த பையன், என்னிடம்தான் படித்தான். இன்றைக்குப் பெரிய சரக்குக் கப்பலில் ஃபிட்டர். நம்ம தெரு நீளத்துக்கு மேலே இருக்குமாம் கப்பல். அதில் இருபது சொச்சம் பேர்தான் வேலை செய்கிறார்கள். பல நாட்டுக்காரர்கள், வேலை முடிந்ததும் அவரவர் அறை, அவரவர் போன். "சார், கப்பல்ல யாருமே பாட மாட்டாங்க" என்றான். இரண்டு வருடம் முன்னால் லீவில் வந்தபோது, தாத்தா பாடின கேசட் இருக்கிறதா என்று கேட்டான்.

இருந்தது. ஆனால் நம்ம ஊர் உப்புக் காற்று உங்களுக்குத் தெரியாததா? இரும்புக் கிராதியையே தின்கிற காற்று, கேசட் நாடாவை விடுமா? மதுரையில் வேலை பார்க்கிற இன்னொரு மாணவன் அதை எடுத்துப் போய், சுத்தம் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். அறுபது நிமிடத்தில் பதினொரு நிமிடம் தேறியது. மற்றதெல்லாம் வெறும் இரைச்சல். கடல் இரைச்சல் மாதிரியே இருக்கிறது என்று பேரன் சொன்னான். தாத்தா காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. அந்த ஊரில் கேட்டுப் பார்த்தோம். அந்தப் பாட்டுகளை முழுதாகப் பாட இன்று ஆளில்லை. இருப்பது அந்தப் பதினொரு நிமிடம்தான். அதில் சம்மாட்டிப் பாட்டு பாதிதான் இருக்கிறது. கணக்குக் கேட்க ஆரம்பிக்கிற இடத்தில் இரைச்சல் வந்துவிடுகிறது.

அதனால்தான் இந்த நீளமான பதிவு. உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் தாத்தாவோ அப்பத்தாவோ அம்மாச்சியோ, எழுபது வயதைத் தாண்டியவர் இருந்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது போனை எடுத்து அவர்கள் பாட்டைப் பதிவு செய்யுங்கள். உட்கார வைத்துப் பாடச் சொன்னால் வராது. தொட்டில் பாட்டு வேண்டுமென்றால் மடியில் ஒரு பிள்ளையைக் கொடுங்கள். அம்பா வேண்டுமென்றால் கையில் கயிற்றைக் கொடுத்து, எதிர்ப்பக்கம் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வேலைக்கு, எந்தக் கரையில், எந்த மாதத்தில் பாடினது என்று கேட்டு அதையும் பதிவிலேயே பேச வையுங்கள். புரியாத சொல் வந்தால் அப்போதே கேளுங்கள், பிறகு கேட்க முடியாமல் போகலாம். கெட்ட வார்த்தை வந்தால் வெட்டாதீர்கள், அதற்கும் ஒரு இடம் இருக்கிறது. பதிவு செய்ததை இரண்டு மூன்று இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நம்ம காற்றை நம்பாதீர்கள்.

பாம்பனில் 'கடல் ஓசை' என்று மீனவர்களுக்கான சமுதாய வானொலி 90.4-ல் 2016 முதல் நடக்கிறது. உள்ளூர்க் குரல்களுக்கு அங்கே இடம் உண்டு. வீட்டார் சம்மதித்தால் அவர்களிடமும் கொடுக்கலாம். கடலுக்குப் போகிறவர்கள் காதில் அந்தப் பாட்டு மறுபடி விழட்டும்.

எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். யாரிடமாவது சம்மாட்டிப் பாட்டின் மிச்சப் பாதி இருந்தால், ராத்திரி பன்னிரண்டு மணி ஆனாலும் பரவாயில்லை, எனக்கு போன் செய்யுங்கள். கப்பலில் இருக்கிற பையனுக்கு அதை உடனே அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா
மண்டபம்